செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே,

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலுள்ள எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சென்ற ஆண்டுச் செயற்பாடுகளை இத்தால் சமர்ப்பிக்கின்றேன். வீதி விளக்கு, வாசிகசாலைக் கூரைத் திருத்தம், மயானத் துப்புரவு ஆகியன கூட்டக் குறிப்பேட்டில் உள்ளபடி நிறைவேறியமையால் அவற்றை இங்கு விரிக்கவில்லை. எமது நேரத்தைப் பெரிதும் கேட்டது வேறொரு விடயம்.

சித்திரைப் புத்தாண்டு மென்பந்துச் சுற்றுப்போட்டியில் கைகலப்பு ஏற்பட்டு, ஒரு மாணவன் விக்கெட் கட்டையால் மற்றொருவனின் தலையைக் காயப்படுத்தியதை யாவரும் அறிவீர்கள். அன்றிரவே கூடி, அவனைச் சங்க விளையாட்டுகளிலிருந்து நிரந்தரமாக விலக்கினோம். அத்தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். அது அவசரத்தில் செய்த பிழை என்பதையும் நானே பதிவு செய்ய வேண்டியுள்ளது.

பின்னர் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருடன் சென்று பாடசாலை வரவுப் பதிவேட்டைப் பார்த்தபோது, பல மாதங்களாகச் செவ்வாய்க்கிழமை தோறும் அவன் வரவில்லை என்பது தெரிந்தது. செவ்வாய் நுண்கடன் தவணை அறவிட வரும் நாள். தாய் அடுக்களைக்குள் இருக்க, படலையில் நின்று "அம்மா இல்லை" என்று சொல்லி, வந்தவர்களின் ஏச்சை வாங்கிக்கொள்வது அவன் வேலையாக இருந்திருக்கிறது. தாயின் சம்மதத்துடனேயே இதனைக் கூறுகின்றேன்.

ஏனைய வீடுகளை அடையாளம் தெரியாதவாறே குறிப்பிடுகின்றேன். தாய் மத்திய கிழக்கில் இருக்க, அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் உள்ளனர். 2007 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து முகாமில் இளமையைக் கழித்த தந்தை ஒருவர், கண்ணகி அம்மன் சடங்கின் வெடிச்சத்தத்துக்கு இன்றும் உடல் நடுங்குகிறார். கசிப்புக் குடித்த இரவுகளில் அதே கையால் பிள்ளையை அடிக்கிறார். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வியமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடைசெய்திருப்பினும், பிரம்பு முற்றாக ஓய்ந்துவிட்டதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எமது அழைப்பில் உரையாற்றிய உளவளத்துணை உத்தியோகத்தர், 1998 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றை எடுத்துரைத்தார். அடி, ஏச்சு, தாய் தாக்கப்படுவதைக் காணல், வீட்டில் குடி போன்ற துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ சிறுவயதில் அனுபவித்தவர்களுக்கு, போதைப் பாவனை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை உயர்ந்திருந்ததாம். அப்பட்டியலில் யுத்தமும் இடம்பெயர்வும் இல்லை; எமது வீடுகளில் அவையும் சேர்ந்தே இருக்கின்றன. எனினும் துன்பப்பட்ட பிள்ளையெல்லாம் கைநீட்டும் என்பது இதன் பொருளன்று என்றும், நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவர் அருகில் இருந்தாலே நிலைமை பெரிதும் மாறும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இதன்பின் முன்னைய தீர்மானம் இருவரின் எதிர்ப்புடன் இரத்துச் செய்யப்பட்டது. காயமடைந்த பிள்ளையின் தந்தையும் அந்த இருவரில் ஒருவர். அவரது மனவருத்தம் நியாயமானது, அதனை நாம் இன்னும் ஆற்றவில்லை. விலக்கப்பட்ட மாணவன் இப்போது அணியின் ஓட்டப் புத்தகத்தை எழுதுகிறான். சிறுவர் உதவிக்கான 1929, மனநல ஆலோசனைக்கான 1926 ஆகிய இலக்கங்களை வாசிகசாலைச் சுவரில் எழுதியுள்ளோம். கடன் சுமையைப் பொறுத்தவரை எம்மால் எதுவும் இயலவில்லை.

தொடர்ந்து பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் விபரத்தை மாதந்தோறும் அதிபரிடம் கேட்டறிய மூவர் கொண்ட உபகுழு ஒன்றைப் புதிய நிருவாகம் அமைக்க வேண்டுமென முன்மொழிகின்றேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்