லாங்வுட் சோலையில் பறவை காட்டிய பெரியவருக்கு

பங்குனி ஞாயிறு காலை, கோத்தகிரி லாங்வுட் சோலையில் எங்களுக்குப் பறவை காட்டிய பெரியவருக்கு நன்றி. பெயர் கேட்டோம், சிரித்து மழுப்பிவிட்டார். மர உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம், "கீழே பாருங்கள் தம்பி, புதரை ஒட்டி" என்றார். முழங்கால் உயரத்தில், பாசி படர்ந்த கிளையில் கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான்! தலையும் இறக்கையும் கரி நிறம், உடல் பளீரென்ற ஆரஞ்சு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய பறவையாம். பக்கத்தில் கருமைக்குப் பதில் பழுப்பேறி நின்றது பெண் என்றும் அவரே காட்டினார். தமது பைனாகுலரை முதலில் என் மகளிடம் நீட்டினாரே, அதற்குத் தனி நன்றி. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்ட இளைஞர்களை, கூடு கட்டும் காலம் என்று சொல்லிப் பக்குவமாகத் தடுத்தார். எனக்கு அந்தப் பொறுமை வராது. ஐயா, அடுத்த முறை தேநீர் எங்கள் செலவு.