கொட்டியாரக் குடாவும் மலைக்காட்டு மண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகாவலி ஆறு பெருகும்போது, அது கடலில் சேரும் கொட்டியாரக் குடா கலங்குவதை மூதூர், கிண்ணியா மக்கள் அறிவார்கள். அந்தக் கலங்கலில் ஒரு பங்கு மலைநாட்டின் மேல்மண்.

மகாவலிக்கு நீர் தரும், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டுமண் நம் கடற்கரை மணலைப் போன்றதல்ல. குளிரில் சருகு மெதுவாகவே உக்கும். அதனால் மேலே கறுத்த, தடித்த படை சேர்கிறது. மழைநீர் நுண்ணிய களிமண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே போக, அடியில் களி செறிந்த படை உருவாகிறது. சுண்ணாம்புச் சத்தும் கழுவுண்டு போவதால் மண்ணில் அமிலத்தன்மை கூடுகிறது. காடு நிற்கும்வரை வேரும் உக்கலும் மழையைப் பிடித்து வைத்து, மழை ஓய்ந்த பின்னும் ஓடைகளுக்குக் கசியவிடும். காட்டை வெட்டினால் முதலில் போவது அந்தக் கறுத்த மேற்படைதான். மிஞ்சும் களிக்குள் தண்ணீர் விரைவாக இறங்காது. மண்ணையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடிவிடும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் தேயிலைக்கும் எத்தனையோ சரிவுகளை இழந்துவிட்டோம்.

சிறுபோக நெற்செய்கைக்கான தண்ணீர் பற்றிய கூட்டங்களில் குளமும் வாய்க்காலும் பேசப்படுகின்றன, மலைச்சரிவு பேசப்படுவதேயில்லை. எஞ்சிய மலைக்காட்டில் இனி ஒரு சரிவையும் வெட்டக்கூடாது என்று கேட்கும் உரிமை மகாவலி நீரில் பயிர்செய்யும் அல்லை வயற்காரருக்கும் உண்டு. தங்கள் பத்திரிகை இதைத் தொடர்ந்து எழுத வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை