டெண்டருக்கு முன் ஒரு சுண்ணாம்புக் கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து புது அடுக்குமாடிகளைப் பற்றிய பேச்சு இந்தப் பக்கம் ஓயவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டமும் நடக்கும்தான். ஆனால் வரைபடம் முடிந்து, டெண்டரும் விட்டபிறகு கூட்டம் போட்டால் சனங்கள் சொல்ல மிஞ்சுவது பெயின்ட் நிறம் ஒன்றுதான். 1,000 வீடுகள் அளவில் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றை எழுதுகிறோம்.

காகிதத்தில் 400 சதுர அடி என்றால் யாருக்கும் பிடிபடாது. காலி மைதானத்தில் ஒரு வீட்டை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். கட்டில், பீரோ, கிரைண்டர், தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கதவு பீரோவில் இடிக்கும், துணி எங்கே காயும் என்பதை வீட்டுப் பெண்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். படிக்கட்டுத் திருப்பத்தையும் வரைந்து, நான்கு பேரை ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு திரும்பச் சொல்லுங்கள். ஸ்ட்ரெச்சரும் பாடையும் இறங்குமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டிக் கணக்கும் அப்படித்தான். காரும் பைக்கும் எண்ணப்படுகின்றன. மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி, இட்லிக் கடைப் பெட்டி எண்ணப்படுவதில்லை. இடம் ஒதுக்காவிட்டால் அவை போய் நிற்பது தீயணைப்பு வண்டி வர வேண்டிய பாதையில்தான். சாவுக்குப் பந்தல் போட ஓரிடம், கேரம் ஆட ஓர் அறை. இவை இல்லாவிட்டால் இரண்டும் படிக்கட்டடிக்கு வந்துவிடும்.

வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? காசிமேடு பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம் அதுதான். பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வேண்டும். ஆண்கள் நடுவில் கழிப்பறையைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

இனி தண்ணீர். தலைக்கு 135 லிட்டர், வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,000 வீட்டுக்கு நாளொன்றுக்கு 5.4 லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் 60 நடை. இதில் கழிப்பறைக்கு மட்டும் தலைக்கு சுமார் 45 லிட்டர் போகிறது, அதாவது 1.8 லட்சம். குளித்த தண்ணீரைச் சுத்திகரித்து இதற்குத் திருப்பிவிடலாம். ஆனால் அதற்கான தனிக்குழாய் முதல் நாளே சுவருக்குள் போயாக வேண்டும். பிறகு கொத்திப் போட எந்தச் சங்கத்திடமும் பணம் இருக்காது. சுத்திகரிப்பு நிலையம் கெடுவதற்குப் பெரும்பாலும் இயந்திரம் காரணமில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து காற்று ஊதும் மோட்டாரை இரவில் நிறுத்துவார்கள். கழிவைத் தின்னும் கிருமி காற்றில்லாமல் செத்து நாற்றம் கிளம்பும். பிறகு மொத்தமாகப் பூட்டிவிடுவார்கள். மூன்று வருட இயக்கச் செலவும் ஆள் சம்பளமும் டெண்டருக்குள்ளேயே இருக்கட்டும்.

மழைநீருக்கு ஊர் முழுக்க ஒரே டிசைன் உதவாது. தண்டையார்பேட்டை, ராயபுரம் கடலோர மணலில் உறிஞ்சு குழி வேலை செய்யும். வியாசர்பாடி, புளியந்தோப்புக் களிமண்ணில் நவம்பரில் நிலத்தடி நீரே சில அடிக்குள் வந்து நிற்கும்போது, அதே குழி கொசுத் தொட்டிதான். அங்கே சேமிப்புத் தொட்டி கட்டுங்கள். 1,000 சதுர மீட்டர் மாடியில் ஒரு நாள் 10 செ.மீ. பெய்தால் 1 லட்சம் லிட்டர். கசிவு போக 80,000 தேறும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் எதுவரை நின்றது என்று அந்தந்தத் தெருக்காரர்களைக் கேளுங்கள். சுவரில் கோட்டையே காட்டுவார்கள். முதல் தளம் அதற்கு மேல் இருக்க வேண்டும். அதற்காக மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தினால் பக்கத்துத் தெரு மூழ்கும். கட்டடத்தைத் தூண்மேல் தூக்குங்கள், முற்றத்தைத் தெரு மட்டத்திலேயே விடுங்கள். மீட்டர் பலகையும் ஜெனரேட்டரும் வெள்ளக் கோட்டுக்கு மேலே.

கட்டுமானத்தைக் கண்காணிக்கக் குடியிருப்பவர்களிலேயே பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடலோரக் கட்டடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே அந்த இடைவெளியைக் காக்கும் சின்னக் கட்டை, அதாவது கவர் பிளாக், இருக்கிறதா என்று பார்க்கக் கண் போதும். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட் பிளந்து விழும். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் எண்ணூர் பக்கமே கிடைக்கிறது, நல்ல பொருள். சுவரை நனைக்காமல் பூசினால் மட்டும் அது கலவையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு விரல் பட்டால் உதிரும். ஒப்பந்தக்காரர் மறக்க விரும்பும் வேலை இந்தத் தண்ணீர் விடுவதுதான்.

எட்டு மாடி வேண்டுமா, நான்கு போதுமா என்பதை லிஃப்ட் பராமரிப்பு வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்ற கணக்கைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்தக் கணக்கு தெரியாமல் தூக்குகிற கை கையே அல்ல.

கடைசியாக வீடு ஒதுக்கீடு. தனித்தனியாகக் குலுக்கினால் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா வேறு பிளாக்குக்குப் போய்விடுவார். எட்டெட்டுக் குடும்பமாக அவர்களே சேர்ந்துகொள்ளட்டும். குலுக்கல் அந்தக் குழுக்களுக்கு நடக்கட்டும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குழுக்களுக்குக் கீழ்த்தளங்களைக் குலுக்கலுக்கு முன்பே எடுத்து வைத்துவிடலாம். இதற்குக் கூடுதலாக ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்களும் குடியிருப்போரும்,
வியாசர்பாடி, சென்னை