கேரண்ட் துப்பாக்கி: அந்த 'டிங்' சத்தத்தை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ராணுவத்தின் எம்1 கேரண்ட் துப்பாக்கி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் பாதிக் கட்டுரை, குண்டு தீர்ந்ததும் வரும் 'டிங்' சத்தம் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற கதைக்கே போய்விட்டது, துப்பாக்கியைச் செய்த மனிதருக்கு ஒரே ஒரு வரி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரை முழுக்க 'தானியங்கித் துப்பாக்கி' என்றே இருக்கிறது. விசையை அழுத்திப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்கும் ரகம் இல்லை இது. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, அவ்வளவுதான். அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையை மட்டும் அதுவே பார்த்துக்கொள்ளும், அதனால் அரைத் தானியங்கி. குண்டைத் துரத்திக்கொண்டு வரும் வாயுவில் கொஞ்சம், குழல் முனைக்குப் பக்கத்தில் உள்ள சிறு துளை வழியாக இறங்கி ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ள, அது போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் உலோகத் துண்டை, திறந்து காலிக் கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் திரும்பும்போது புதுத் தோட்டா உள்ளே போய்விடும். அதற்கு முந்தைய 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் சிப்பாய்தான் போல்ட்டை இழுக்க வேண்டும்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. கனடாவின் கியூபெக்கில் 1888-இல் பிறந்த ஜான் கேரண்ட், 1919-இல் மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச் சாலையில் சேர்ந்தார். ராணுவம் அவர் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது 1936-இல். நடுவில் 17 வருஷம்! முதலில் அவர் யோசித்தது வாயு முறையே இல்லை. ராணுவம் தோட்டாவை மாற்றியதும் அந்த உழைப்பு வீணாகி, மறுபடி அடியிலிருந்து தொடங்கினார். அப்புறம் 0.276 அங்குலத் தோட்டாவுக்கான துப்பாக்கியில் இன்னொரு வடிவமைப்பாளரான பெடர்சனோடு போட்டி போட்டு முந்தினார், அதில் 10 தோட்டா பிடிக்கும். ஆனால் 1932-இல் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்ஆர்தர், கிடங்கில் குவிந்து கிடக்கும் 0.30 தோட்டாக்களை என்ன செய்வது என்று கேட்டு, அதே பழைய அளவில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். தோட்டா பெருத்ததும் 10 என்பது 8 ஆகிவிட்டது. உங்கள் கட்டுரையாளர் வியந்த அந்த 8-க்குப் பின்னால் கஜானாக் கணக்கும் இருக்கிறது.

சரி, 'டிங்'. எட்டாவது குண்டு போனதும், தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த கிளிப் என்ற உலோகப் பிடி காலியாகித் துள்ளி வெளியே விழும்போது அந்த ஓசை வரும், உண்மைதான். அதைக் கேட்டு எதிரி எழுந்து வந்து சுடுவான் என்பதை மட்டும் நான் நம்ப மாட்டேன். பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் முழங்கும் இடத்தில் அத்தனை தூரத்துக்கு அது கேட்டாலும், பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் துப்பாக்கி காலியாகவில்லையே? சிப்பாய்கள் உண்மையில் பயந்தது வேறு ஒன்றுக்கு. புதுக் கிளிப்பை உள்ளே அழுத்திவிட்டுக் கையை எடுக்கத் தாமதித்தால் போல்ட் பாய்ந்து வந்து கட்டைவிரலை நசுக்கிவிடும். இதற்கு 'எம்1 கட்டைவிரல்' என்று பெயரே உண்டு. கட்டுரையில் இது எங்கே?

அமெரிக்கத் தளபதி பேட்டன் இந்தத் துப்பாக்கிக்கு 1945-இல் தந்த பாராட்டைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கேரண்ட் தன் காப்புரிமையை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டார் என்பதையும் போட்டிருக்கலாம். மொத்தம் சுமார் 54 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஒன்றுக்குக்கூட அவருக்கு ராயல்டி கிடையாது. ஒரு லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, அதுவும் நிறைவேறவில்லை. பதக்கங்கள் கிடைத்தன. சம்பளக்காரராகவே இருந்து 1953-இல் ஓய்வு பெற்றார்.

கடைசியாக, நீங்கள் போட்டிருக்கும் படம் கேரண்டே இல்லை. அடியில் தோட்டாப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அது 1957-இல் இதற்குப் பதிலாக வந்த எம்14. முடிந்தால் அடுத்த இதழில் சரியான படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்