வயலோரத்து எலி மருந்தும் உன் நாய்க்குட்டியும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் வீட்டைக் கட்டி முடித்துக் குடிபோனதையும், காவலுக்கென்று ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கியதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

சுற்றியுள்ள வயல்களில் எலிக்கு வைக்கும் மருந்தைக் குட்டி தின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். என்ன மருந்து வைக்கிறார்கள் என்பதை வயல்காரர்களிடம் இப்போதே விசாரித்து வை, ஏனெனில் சிகிச்சை முழுவதும் அதைப் பொறுத்தே அமையும்.

தானியத்தோடு எண்ணெய் விட்டுப் பிசைந்து வைக்கும் கருஞ்சாம்பல் தூள் சிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறுவதால், சில மணி நேரத்துக்குள்ளேயே நாய் வாந்தியெடுத்து மூச்சுத் திணறும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. சோறு போட்டால் விஷம் முறியும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உணவு உள்ளே போனால் அமிலம் கூடும், அதனால் வாயுவும் கூடும். வண்டியில் கொண்டுபோகும்போது கண்ணாடிகளை இறக்கி வை, வாந்தியிலிருந்து வரும் வாயு உன்னையும் பாதிக்கும்.

கடையில் விற்கும் புரோமடியோலோன் கட்டியோ ஆளை ஏமாற்றக் கூடியது. தின்ற நாய் இரண்டு மூன்று நாட்கள் வழக்கம்போல் ஓடியாடும். அதற்குள் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்கள் தீர்ந்துபோய், ஈறு வெளுத்து, இருமலும் சோர்வும் தொடங்கி, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியும். ஆகவே நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதே. இதற்கு முறிவு மருந்து உண்டு: வைட்டமின் கே1. அதைப் பல வாரங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். கே3 என்று ஊசி கிடைக்கிறது, ஆனால் அது இந்த நஞ்சுக்குப் பயன்படாது. எது போடுகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. உடலில் உப்பு மிகுந்து வலிப்பு வரலாம். மயக்கத்திலிருக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள்ளும் போய்விடும். மண்ணெண்ணெய், அமிலம் போன்றவற்றைக் குடித்திருந்தால் வாந்தியே எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் அது பெரிதும் பலன் தரும். நீ செய்ய வேண்டியது, வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு, மருந்தின் உறையையும் மீந்த கட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, குட்டியின் எடை, தின்ற நேரம், அளவு ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்வதுதான்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது உனக்கு வசதி. ஆனால் இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு, அவர்களின் தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வை. பாயசத்திலிருந்து உலர்திராட்சையைப் பொறுக்கிக் குட்டிக்குப் போடும் வழக்கம் உன் பேரனுக்கு இருந்தால் அதையும் நிறுத்து, சில நாய்களுக்கு அதுவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் நண்பன்