ஆண்டறிக்கை 2024-25: திருகோணமலை டூரும் ஹெர்மிஸ் பத்தின முடிவும்

நம்ம டைவிங் சங்கத்து உறுப்பினர்கள் எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். வரவு செலவு கணக்க பொருளாளர் அண்ணன் தனியா படிப்பாரு, அதுக்குள்ள நான் போகல. ஞாயித்துக்கிழமை நீச்சல்குளம் ப்ராக்டீஸ், பீச் க்ளீனிங், புது மெம்பர் சேர்க்கை எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, மழை மாசத்துல மட்டும் நின்னுச்சு. இந்த வருஷம் பேச வேண்டியது ஜூலைல போன இலங்கை கிழக்குக் கரை டூர்தான், அதுலயும் மட்டக்களப்புக் கடல்ல முழுகிக் கிடக்கற ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கு ஏன் கூட்டிட்டுப் போகலன்னு வாட்ஸ்அப்ல இன்னும் கேட்டுட்டே இருக்காங்க, அதனால செயற்குழு என்ன முடிவு எடுத்துச்சு, ஏன் எடுத்துச்சுன்னு இங்கயே முழுசா சொல்லிடறேன்.

ஜூலைன்னு வச்சதுக்குக் காரணம் சீசன். தென்மேற்குப் பருவமழைய இலங்கை நடுவுல இருக்கற மலைநாடு மறிச்சுக்கறதால மே முதல் செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கரை காய்ஞ்சு கிடக்கும், தண்ணியும் தெளிவா இருக்கும். வாடைக்காத்து ஆரம்பிச்சுட்டா அங்க டைவிங்கே கிடையாது. யாழ்ப்பாணத்து பலாலி ஏர்போர்ட்டுக்கு ஃப்ளைட், அங்கேர்ந்து வேன்ல வவுனியா வழியா நிலாவெளி. படகுக்கார ஐயா முதல் நாளே சொல்லிட்டாரு, "தம்பி, கச்சான் எழும்பினா பின்னேரம் ஒண்டும் செய்யேலாது, விடியவே போயிட்டு வந்திடுவம்"னு, கச்சான்னா அங்க தென்மேற்குக் காத்து, அதனால தினமும் காலைல ஆறு மணிக்கே பீச்ல ரெடியா நின்னோம், ஒருத்தர்கூட லேட் பண்ணல, அதுக்கு எல்லாருக்கும் நன்றி.

முதல்ல புறாத்தீவு. நிலாவெளி கரைலேர்ந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான், 1963ல சரணாலயம் ஆக்கினாங்க, 2003ல தேசியப் பூங்கா ஆச்சு, மாடப்புறா கூடு கட்டற பாறைங்க இருக்கறதால அந்தப் பேரு. கருப்பு முனைத் துடுப்பு சுறாவ புது மெம்பருங்க அங்கதான் முதல்முறையா பாத்தாங்க, ஆழம் ரொம்பக் கம்மியான இடத்துலயே சுத்திட்டு இருந்துச்சு, நம்மள கண்டுக்கவே இல்ல. ஆனா எனக்கு மனசுல நிக்கறது அது இல்ல. தீவோட ஒரு பக்கத்துல மான்கொம்புப் பவளம் உடைஞ்சு தரை முழுக்க துண்டு துண்டா வெள்ளையா கிடந்துச்சு, அதுக்கு நடுவுல ஒரு உள்ளங்கை அளவு கொத்து மட்டும் உயிரோட நிமிந்து நிக்குது, கிளை நுனி எல்லாம் வெளிர் நிறத்துல, அதுக்குள்ள குட்டி மீனுங்க ரெண்டு போயிப் போயி வருது. அதுக்கு மேல ஆளுங்க லைஃப் ஜாக்கெட்டோட வந்து களைச்சுப்போயி பவளத்து மேலயே காலை ஊனி நிக்கறாங்க. கால்ல மாட்டற துடுப்பு, அந்த ஃபின் ஒண்ணு பட்டா போதும், அந்தக் கொத்தும் போயிடும். நம்ம ஆளுங்க யாரும் எதையும் தொடல, ஆனா ரெண்டு மூணு பேருக்கு மிதவை கன்ட்ரோல் இன்னும் வரல, மூச்ச இழுத்தா மேல போறாங்க, விட்டா தரைல உக்காந்துடறாங்க. இதப்பத்தி கடைசில சொல்றேன்.

ரெண்டாவது நாள் டைவ்ல பொருளாளர் அண்ணன் அஞ்சு மீட்டர்லயே காது திறக்கலன்னு கைகாட்டினாரு, கொஞ்சம் மேல போயி திரும்ப ட்ரை பண்ணாரு, அப்பவும் ஆகல, மேல போறேன்னு கட்டை விரலத் தூக்கிக் காட்டிட்டு, ஜோடியா எறங்கின பட்டியோட (buddy) படகுக்குப் போயிட்டாரு. ஃப்ளைட் டிக்கெட், ரூம் வாடகை, படகுக் காசு எல்லாம் குடுத்துட்டு வந்து அப்படித் திரும்பிப் போறதுக்கு மனசு வேணும். ஜோடியா எறங்கின அந்தத் தங்கச்சியும் முணுமுணுக்காம அவர்கூடயே மேல போச்சு. சங்கத்து சார்புல ரெண்டு பேரையும் பாராட்டறேன்.

அப்புறம் மூதூர், வெருகல், வாகரை வழியா கல்குடாவுக்கு எறங்கினோம், அங்க வச்சுதான் ஹெர்மிஸ் பேச்சு வந்துச்சு. ஆசப்பட்ட தம்பிங்க மேல தப்பே இல்ல. விமானந்தாங்கிக் கப்பலா இருக்கணும்னே வடிவமைச்ச உலகத்தோட முதல் கப்பல் அது, 1924ல கடற்படைல சேந்துச்சு, 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்க குண்டு போட்டு மட்டக்களப்புக்கு வெளில முழுகிடுச்சு. அன்னைக்கு அதுல சண்டை போட ஒரு விமானம்கூட இல்ல. 307 பேர் செத்துப் போனாங்க. கடல் டைவிங் பண்றவங்க யாருக்கும் அதப் பாக்கணும்னு தோணும், எனக்கும் தோணுது.

ஆனா அது கிடக்கறது 50 மீட்டருக்கும் கீழ, சுமார் 53ன்னு வைங்க. நம்ம கைல இருக்கற டைவிங் சர்டிஃபிகேட் கார்டு ஓப்பன் வாட்டர்னா 18 மீட்டர், அட்வான்ஸ்டுனா 30, பொழுதுபோக்கு டைவிங்கோட கடைசி எல்லையே 40. இது வெறும் கார்டு விஷயம் இல்லைங்க, கணக்கு போட்டுப் பாருங்க. 12 லிட்டர் டேங்க்ல 200 பார் (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு) அடைச்சா 2400 லிட்டர் காத்து, அதுல 50 பார் ரிசர்வ் போனா கைல நிக்கறது 1800. தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கற ஆளுக்கு 53 மீட்டர்ல அழுத்தம் 6.3 மடங்கு, அதாவது நிமிஷத்துக்கு 126 லிட்டர், மொத்தமே 14 நிமிஷம், அதுலதான் எறங்கவும் செய்யணும் ஏறவும் செய்யணும். அந்த ஆழத்துல கொஞ்ச நேரம் நின்னாலே நேரா மேல வர முடியாது, நடுவுல நின்னு நின்னு ஒடம்புல ஏறின நைட்ரஜன வெளிய விட்டுட்டுதான் வரணும், அதுக்குக் காத்து எங்க இருக்கு? இதுக்கு மேல நைட்ரஜன் மப்பு வேற, 30 தாண்டினாலே சிலருக்கு கேஜ்ல இருக்கற நம்பர் மண்டைல ஏறாது. ஆக்சிஜன் கூடுதலா கலந்த காத்து, அதான் நைட்ராக்ஸ், போட்டுக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டாரு, அது ஆழத்துக்கு ஆகாது, ஆக்சிஜன் கூடினா அந்த அழுத்தத்துல அதுவே விஷம். ட்ரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த காத்து), ரெட்டை டேங்க், டெக்னிக்கல் ட்ரெய்னிங், இது மூணும் இல்லாம சங்கத்து பேர்ல யாரையும் அங்க எறக்க மாட்டோம்னு செயற்குழு எழுத்துலயே போட்டிருக்கு. இதுல நான் உறுதியா நிக்கறேன்.

அதுக்குப் பதிலா பிரிட்டிஷ் சார்ஜன்ட்ங்கற கப்பலுக்குப் போனோம். அதே 1942 ஏப்ரல் 9, அதே தாக்குதல்ல முழுகின எண்ணெய்க் கப்பல், கிடக்கறது 24 மீட்டர்ல, அட்வான்ஸ்டு கார்டு இருந்தவங்க மட்டும் எறங்கினாங்க. அதே கணக்குதான், இங்க 26 நிமிஷம் கெடைக்கும். கயித்தப் புடிச்சு எறங்கறப்போ மொதல்ல பச்சைத் தண்ணியத் தவிர ஒண்ணும் இல்ல, அப்புறம் காலுக்குக் கீழ கருப்பா ஒண்ணு அகலமாயிட்டே வருது, பக்கத்துல போனா துருப்பிடிச்ச தகடு தெரியாத அளவுக்கு பவளமும் சிப்பியும் மூடியிருக்கு. ஒரு தகட்டுக்கு அடில பெரிய களவா மீன் ஒண்ணு வாய மெதுவா அசைச்சுட்டே நம்மள பாத்துச்சு, டார்ச் அடிச்சப்போதான் அதுக்குப் பின்னாடி அஞ்சாலை மீன் தலைய நீட்டிட்டு இருந்தது தெரிஞ்சுச்சு. உள்ள யாரும் நுழையல. 70 பார் வந்ததும் எல்லாரும் திரும்பிட்டாங்க, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு மேல வந்தோம். படகுல ஏறினதும் ஹெர்மிஸ் கேட்ட தம்பிங்களே லாக் புக்க எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

கடைசி நாள் யாரும் தண்ணில எறங்கல, பல டைவ் போட்டா ஒடம்புல இருக்கற நைட்ரஜன் வெளிய போக ஃப்ளைட்டுக்கு முன்னாடி குறைஞ்சது 18 மணி நேரம் கேப் விடணும். அந்த நேரத்துல திருகோணமலை கோணேசர் கோயில் போனோம். சம்பந்தர் பாடின தலம், போர்ச்சுகீசியர் 17ஆம் நூற்றாண்டுல இடிச்சுக் கல்லையெல்லாம் கடல்ல தள்ளினது, 1956ல அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோட டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் கோயில் நிக்கற பாறைக்கு அடில டைவ் பண்ணி தூண் கல்லுங்கள பாத்தது எல்லாம் தெரிஞ்சிட்டு அங்க மேல நின்னு பாக்கறப்போ எல்லாருக்கும் அடுத்த தடவ கீழ எறங்கணும்னுதான் தோணுச்சு. எறங்கலாம், ஆனா அங்க நீரோட்டம் பலமா இருக்கும், மிதவை கன்ட்ரோல் வராதவங்களுக்கு அது இடம் இல்ல.

அதனால பொதுக்குழு முன்னாடி செயற்குழு வைக்கறது இதுதான். அடுத்த டூருக்குப் பேர் குடுக்கறவங்க நீச்சல்குளத்துல தரையத் தொடாம, கைய அசைக்காம அஞ்சு நிமிஷம் ஒரே மட்டத்துல நின்னு காட்டணும், சீனியரா இருந்தாலும் இதுதான் ரூல். சங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு ஆக்சிஜன் கிட் வாங்கணும், இந்தத் தடவ படகுல இருந்தத நம்பித்தான் போனோம், அது எப்பவும் கிடைக்கும்னு சொல்ல முடியாது. டேங்க்லேர்ந்து மூச்சு விடக் காத்து குடுக்கற அவங்கவங்க ரெகுலேட்டர வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் குடுத்த பில்ல எனக்குக் காட்டணும். டெக்னிக்கல் கோர்ஸ் படிக்கணும்னு நெனைக்கற தம்பிங்க தனியா வந்து பேசுங்க, எங்க படிக்கலாம், எவ்வளவு நாள் ஆகும்னு சேந்து விசாரிப்போம்.

மெடிக்கல் ஃபார்ம் இன்னும் குடுக்காதவங்க இன்னைக்கே வாசல்ல இருக்கற தம்பிகிட்ட குடுத்துட்டுப் போங்க. ஆக்சிஜன் கிட்டுக்கு இப்பவே கைதூக்கி ஓட்டு எடுத்துடலாம்.

செயலாளர்