.22 ரைஃபிளில் காலிக் கேஸ் சிக்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் .22 (குழல் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) ரைஃபிளில் சுடப் பழகும் செய்திகளும் படங்களும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. பிள்ளைகள் குப்புறப் படுத்துக் குறிபார்ப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால், சுட்டு முடித்த பிறகு அந்த ரைஃபிளை யார், எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் துடைத்தார்கள் என்று பெற்றோரும் கேட்பதில்லை, பயிற்சி நடத்துபவர்களும் சொல்வதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் என்.சி.சி. மாணவர்களோடு ரேஞ்சில் (சுடுதளத்தில்) நின்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பயிற்சி முகாம் ஒன்றில் ஒரு மாணவி ஐந்து தோட்டாக்களில் மூன்றாவதைச் சுட்டதும், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தாள். போல்ட் வந்தது, சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடான காலிக் கேஸ் வரவில்லை. உதவிக்கு வந்தவர் ஸ்க்ரூடிரைவர் முனையால் அதை நெம்பி எடுத்தார். ஐந்தாவது தோட்டாவுக்கும் அதே கதை. எக்ஸ்ட்ராக்டர் (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) தேய்ந்துவிட்டது என்று அங்கேயே முடிவு செய்யப்பட்டு, அந்த ரைஃபிள் ஓரமாக வைக்கப்பட்டது. உதிரிப் பாகம் கேட்டுக் கடிதம் போனது. மாதங்கள் கழித்து நான் அதன் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்) டார்ச் அடித்துப் பார்த்தபோது, கேஸின் வாய் வந்து முடியும் இடத்தில் கரியும் மெழுகும் ஈயமும் சேர்ந்து வளையம்போல் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, வெண்கலப் பிரஷ்ஷைச் சேம்பருக்குள் மட்டும் செலுத்தித் திருகித் துடைத்தேன். அடுத்த பயிற்சியில் அதே ரைஃபிள், அதே எக்ஸ்ட்ராக்டரோடு, ஒரு கேஸையும் விடாமல் வெளியே தள்ளியது. அந்த மாணவிக்கு அந்த ஆண்டு போனது போனதுதான். அவளுடைய குறியில் தவறு இருந்ததாகவே அவள் நினைத்துக்கொண்டு போயிருப்பாள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இந்தக் கோளாறு ஏன் .22 ரகத்தில் அதிகம் என்பதற்குக் காரணம் தோட்டாவிலேயே இருக்கிறது. 1887ஆம் ஆண்டில் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா, அடிப்படையில் அதே அமைப்போடு இன்றும் புழங்குகிறது. பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் இருக்கும் தீப்பற்றும் மருந்து, இதில் அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். ஃபயரிங் பின் (ட்ரிகரை அழுத்தியதும் முன்பாய்ந்து அடிக்கும் ஊசி) அந்த விளிம்பை நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும். விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் கேஸின் பித்தளைத் தகடு மெல்லியது. வெடிக்கும்போது அந்தத் தகடு விரிந்து சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விடுபடும். சுவரில் அழுக்கு படிந்திருந்தால் அந்தச் சிறு சுருக்கம் போதாது. இதன் ஈயக் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. பெரும்பாலான வகைகளில் அதன் வெளிப்புறத்திலேயே மெழுகு பூசப்பட்டிருக்கும். மூடாமல் வைத்த தோட்டாக்களின் மெழுகில் நம் ஊர்ச் செம்மண் தூசி ஒட்டிக்கொண்டு நேராகச் சேம்பருக்குள் போகிறது.

நம் பிள்ளைகள் துடைப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. புல்த்ரூ என்னும் கயிற்றில் ‘சிந்தி’ எனப்படும் துண்டுத் துணியைக் கோத்துக் குழல் வழியாக இழுக்கிறார்கள். குழல் கண்ணாடிபோல் மின்னுகிறது. மேற்பார்வையாளரும் அதைப் பார்த்துத் தலையசைக்கிறார். ஆனால் சேம்பர், குழலின் உட்புறத்தைவிடச் சற்று அகலமானது. குழலுக்கு இறுக்கமாக இருக்கும் துணி, சேம்பர் வழியாகத் தளர்வாக நழுவிப் போய்விடுகிறது. இதனால்தான் பளபளக்கும் குழலுள்ள ரைஃபிளிலும் கேஸ் சிக்குகிறது. உண்மையில் .22 குழலை அவ்வளவு தேய்க்கத் தேவையே இல்லை. குண்டு மென்மையான ஈயம், அதன் மேல் மெழுகு, குழல் எளிதில் கெடாது. குழலின் முன்வாய் வழியாகக் கம்பியை விட்டுத் தேய்த்து அந்த வாயின் விளிம்பைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். தேய்க்க வேண்டிய இடம் சேம்பரும் போல்ட்டின் முகமும்.

கேஸ் சிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அது சேம்பரிலேயே நின்றுவிட்டதா அல்லது சேம்பரைவிட்டு வந்தும் வெளியே தெறிக்காமல் உள்ளேயே விழுந்ததா என்பதே. முன்னது எக்ஸ்ட்ராக்டர், சேம்பர் இவற்றின் குறை. பின்னது, கேஸை வெளியே தெறிக்கவைக்கும் எஜெக்டரின் குறை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத பாகம் மாற்றப்படுகிறது. எளிய போல்ட் ரைஃபிள்கள் பலவற்றில் எஜெக்டர் அசையாத ஒரு நாக்குதான்; போல்ட் முழுவதும் பின்னுக்கு வரும்போது கேஸ் அதில் மோதித் தெறிக்கும். பயந்து பயந்து மெதுவாக இழுத்தாலும், பாதி வரை இழுத்தாலும் கேஸ் தெறிக்காது. புதிய மாணவர்களிடம் நான் கண்ட பழுதுகளில் பல, போல்ட்டை ஒரே இழுப்பில் முழுவதும் இழுக்கச் சொன்னதும் தீர்ந்திருக்கின்றன.

எக்ஸ்ட்ராக்டரைச் சோதிக்கப் பாகம் எதையும் கழற்ற வேண்டியதில்லை. போல்ட்டை வெளியே எடுத்து, ஏற்கெனவே சுட்ட காலிக் கேஸின் விளிம்பை அதன் கொக்கிக்கடியில் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள். விழாமல் நின்றால் கொக்கியும் ஸ்பிரிங்கும் நலம். விழுந்தால், முதலில் கொக்கிக்கடியில் திணிந்திருக்கும் கரியைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்த விளிம்பின் தடிமனே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். கொக்கிக்கடியில் கடுகளவு கரி இருந்தாலும் பிடி நழுவும். சுத்தம் செய்தும் பிடிக்காவிட்டால்தான் கொக்கி மழுங்கியது என்றோ ஸ்பிரிங் தளர்ந்தது என்றோ கொள்ளலாம்.

சேம்பர் சுத்தமாகவும் கொக்கி கூர்மையாகவும் இருந்தும் கேஸ் இறுகினால், காலி ரைஃபிளில் ட்ரிகரை அழுத்திப் பழகியதன் விளைவா என்று பார்க்க வேண்டும். பல .22 ரைஃபிள்களில், தோட்டா இல்லாதபோது ஃபயரிங் பின் சேம்பர் வாயின் விளிம்பிலேயே அடிக்கிறது. அடிபட்ட இடத்தில் இரும்பு பிதுங்கி உள்பக்கம் சிறு முள்ளாக நீட்டிக்கொள்ளும். தோட்டா உள்ளே போகும்போதும் கேஸ் வெளியே வரும்போதும் அது இடறும். இதை அரத்தால் ராவக் கூடாது. ஆர்மரரிடம்தான் (ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவரிடம்தான்) கொடுக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்பதையும், பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்கும் உரிமதாரர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

எண்ணெய் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்குக் கிடைத்தது என்று தேங்காயெண்ணெய் தடவுவதை நானே பார்த்திருக்கிறேன். மார்கழி விடியலில் குப்பிக்குள் உறைந்து நிற்கும் எண்ணெய், போல்ட்டுக்குள்ளும் உறையும். நாள்பட்டால் சிக்குப்பிடித்துப் பிசினாகும். ஃபயரிங் பின் பிசினில் நீந்தி வந்தால் விளிம்பில் அடி மெத்தென்று விழும், தோட்டா வெடிக்காது. மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும். ஆனால் துருவைத் தடுக்காது, ஆகவே அதோடு நிறுத்திவிடக் கூடாது. துப்பாக்கி எண்ணெய் இல்லாத இடத்தில் மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் போதும். மதுரைப் புது மண்டபத்தில் ஆண்டாண்டுக் காலம் மெஷின் ஓட்டிய தையல்காரர்கள் ஒரு துளைக்கு ஒரு சொட்டுக்கு மேல் விட்டுப் பார்த்ததில்லை. அதிகம் விட்டால் துணி பாழாகும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே அதிகம் விட்டால் புழுதி ஒட்டும். போல்ட் உராயும் இடங்களில் விரலால் தடவிய அளவு எண்ணெய் போதும். வெளி இரும்பில் மெல்லிய பூச்சு, ஐப்பசி மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும். சேம்பரிலும் குழலிலும் காப்புக்காகப் பூசிய எண்ணெயைச் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் முற்றிலும் எடுத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். சிக்கியிருப்பது காலிக் கேஸ் என்று உறுதியானால், கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ எடுக்காமல், குழலின் முன்வாய் வழியாகக் கம்பியை விட்டு மெல்லத் தள்ளினால் வந்துவிடும். முன்வாய் வழியாகக் கம்பி போகலாம் என்று நான் சொல்வது இந்த ஒன்றுக்கு மட்டுமே. சிக்கியிருப்பது வெடிக்காத தோட்டா என்றால் கம்பியும் கூடாது, நெம்புதலும் கூடாது. மருந்து இருப்பது விளிம்பில். நெம்பும் முனை படுவதும் அதே விளிம்பில். ரைஃபிளை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, ஆர்மரரை அழைக்க வேண்டும். துடைத்து முடித்த கையில் ஈயம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் வடையைத் தொட விடாதீர்கள்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இதே .22 ரகத்தில் நடப்பதுதான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் கேஸும் கரியும் இல்லாத ஏர் ரைஃபிளில் பழகிவிட்டு இந்த ரகத்துக்கு வருகிறார்கள். துடைக்கும் பழக்கம் அங்கிருந்து அவர்களோடு வருவதற்கு வழியில்லை, இங்கேதான் கற்றுத்தர வேண்டும். ஆகவே மாவட்டத்தின் என்.சி.சி. பிரிவுகளையும் ரைஃபிள் கிளப்புகளையும் நான் வேண்டுவது இதுதான்: ஒவ்வொரு ரைஃபிளோடும் ஒரு சேம்பர் பிரஷ் இருக்கட்டும். சுடும் நாளின் கால அட்டவணையிலேயே துடைப்பதற்கென இருபது நிமிடம் எழுதப்பட்டிருக்கட்டும், அதைச் சுட்ட மாணவரே செய்யட்டும். எந்த ரைஃபிளில், எத்தனையாவது தோட்டாவில், கேஸ் எங்கே நின்றது என்று எழுத ஒரு நோட்டு வைக்கட்டும். அப்படி ஒரு நோட்டைத் தொடங்க முன்வரும் பயிற்சியாளர் யாராயினும், சேம்பர் துடைக்கும் முறையை மாணவர்களுக்கு நேரில் வந்து செய்துகாட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் என்.சி.சி. அலுவலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.